அம்மா கைவிட்ட கதவு: ஆம்னி வேனில் மூன்று சனிக்கிழமை வேலை

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, திருச்செந்தூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். அம்மா வழக்கமாக ஏறும், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் நடுக்கதவுப் பக்கம் போகாமல் நேராக முன் இருக்கையில் ஏற முயன்றார். 72 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆம்னியில் முன் இருக்கை சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் மேலே இருக்கிறது; ஏறுவதென்றால் உயரமான திண்ணையில் தாவி உட்காருவது மாதிரி. “நடுவிலேயே ஏறலாமே அம்மா” என்றேன். “அந்தக் கதவை யார் இழுப்பது? போன தடவை இழுத்துவிட்டு இரண்டு நாள் தோளுக்குத் தைலம் தேய்த்தேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கதவு கொஞ்சம் கனமாகிவிட்டது என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் இழுத்தால் வரும். வருகிறதே என்று விட்டிருந்தேன்.

வண்டி 2007 மாடல், ஐந்து பேர் உட்காரும் ஆம்னி. 2014இல் பழைய வண்டியாக வாங்கினேன். ஆம்னி என்றதும் இரவு நேரத் தனியார் பஸ்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்வது மாருதியின் சின்ன வேன். 1984இல் ‘மாருதி வேன்’ என்று வந்தது, 1988இல் ஆம்னி என்று பெயர் மாறியது. மாருதி 800 காரில் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின், முன் இருக்கைகளுக்கு அடியில். வண்டியின் முழு நீளம் 3,370 மில்லிமீட்டர், அகலம் 1,410. அதாவது 11 அடிக்குச் சற்று அதிக நீளமும் நாலரை அடிக்குச் சற்று அதிக அகலமும். மூக்கென்று ஒன்று இல்லாததால் இந்த அளவுக்குள் பாதிக்கு மேல் வெறும் அறையாகக் கிடைக்கிறது. பின் இருக்கையை மடித்துவிட்டால் கிரைண்டர் போகும், ஒற்றைக் கட்டில் மெத்தை போகும், மனைவியின் ஊரான உடன்குடியிலிருந்து ஆண்டுக்கொரு முறை ஓலைக்கொட்டானில் வரும் கருப்பட்டி மொத்தமும் போகும்.

இதை விற்றுவிட்டு மாருதியின் இன்னொரு வேனான ஈக்கோ வாங்கச் சொல்லி மைத்துனர் நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு அடி கூடுதல் நீளம். எங்கள் தெருமுனையில் இருக்கும் மின்கம்பத்துக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் இடையில் ஆம்னி ஒரே வெட்டில் திரும்பும். அந்த ஒரு அடியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

முதல் சனிக்கிழமை

கழற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. அம்மா ஏறும் இடப்பக்கக் கதவைப் பாதி திறந்து வைத்து, அதன் பின்விளிம்பை அடியில் கைகொடுத்து மேலே தூக்கிப் பார்த்தேன். டக்கென்று அரை அங்குலம் ஏறி இறங்கியது. வலப்பக்கக் கதவிலும் அதே சோதனை செய்தேன்: அசைவே இல்லை. அந்தக் கதவை இரண்டு விரலால் தள்ள முடிந்தது. இரண்டு கதவுக்கும் ஒரே வயது, இரண்டும் ஒரே கடற்காற்றில்தான் நிற்கின்றன. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் மூன்று வாரமும் என்னை ஓட்டியது.

இந்தக் கதவு மூன்று இடத்தில் தொங்குகிறது. மேலே கூரை ஓரத்தில் ஒரு சேனல் (ரோலர் ஓடும் பள்ளம்), கீழே காலடிப் படியை ஒட்டி ஒன்று, வெளியே பின்பக்க உடலில் நடு உயரத்தில் நீளமாகத் தெரியும் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஒரு பிராக்கெட், அதன் முனையில் ரோலர். மேல் ரோலர் கதவைச் சாயாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான். எடையைத் தாங்குவது கீழ் ரோலரும் நடு ரோலரும். கீழ் ரோலர் தேய்ந்தால் கதவின் முன்பக்கம் தாழ்கிறது; தாழ்ந்ததும் நடு ரோலர் சேனலுக்குள் கோணலாக உரச ஆரம்பிக்கிறது; பூட்டும் நேராகப் போய் விழாது. அதனால்தான் நாம் ஓங்கி அறைந்து சாத்துகிறோம். அறைய அறைய இன்னும் தேய்கிறது.

கழற்றும்போது இரண்டு பேர் வேண்டும். மைத்துனர் வந்தார், ஈக்கோ பேச்சையும் கூடவே கொண்டுவந்தார். கதவுக்கு அடியில் ஜாக்கியை வைத்து, அதன் மேல் பலகை, பலகை மேல் மடித்த பழைய போர்வை. ஜாக்கி கதவைத் தொட்டால் போதும், தூக்கவேண்டாம். போல்ட்டில் ஸ்பானர் வைப்பதற்கு முன் ஒவ்வொரு பிராக்கெட்டைச் சுற்றியும் கூர்மையான ஆணியால் கோடு கிழித்துக்கொண்டேன். பிராக்கெட்டின் துளைகள் சற்று நீளவாக்கில் இருக்கும். எந்த இடத்தில் இறுக்கியிருந்தார்கள் என்பது மில்லிமீட்டர் கணக்கு. பேனாவால் கோடு போடவேண்டாம், மண்ணெண்ணெய் பட்டால் அழிந்துவிடும். எந்த போல்ட்டுக்கு அடியில் எத்தனை வாஷர் என்பதையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். மனைவியின் பொடிக் கிண்ணங்கள். அது வேறு கதை.

மேல் பிராக்கெட் சுலபமாக வந்தது. கீழே ஒரு திருகு அசையவே இல்லை, தலை வழுக்க ஆரம்பித்தது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் துளைபோட்டு எடுக்கும் நிலைக்குப் போய்விடும். மண்ணெண்ணெய் விட்டுவிட்டு டீ குடித்தோம், திரும்ப விட்டுவிட்டுச் சாப்பிட்டோம். பிறகு சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் ஸ்க்ரூ டிரைவரைப் பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கி, ஒரே அடி. ‘கிர்ர்’ என்று விட்டுக்கொடுத்தது. கடைசியில் வெளிச் சேனலின் பின்முனை வழியாக நடு ரோலரை உருவி, கதவை இருவருமாகத் தூக்கித் திண்ணையில் படுக்க வைத்தோம். கனம் ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்துக்குக் குறையாது.

படுக்கவைத்தபோது கதவுக்குள் ‘சளக்’ என்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மறுபடி சாய்த்தோம், மறுபடி சளக். கதவுக்குள் தண்ணீர்!

அன்று வேலையை அத்தோடு நிறுத்தினேன். கதவில்லாத பக்கத்தைத் தார்ப்பாயால் கட்டிவைத்தேன். இரவில் தெருப்பூனை ஒன்று உள்ளே போய் பின் இருக்கையில் படுத்திருந்தது.

ஞாயிறு: சேனலுக்குள் இருந்தவை

கீழ்ச் சேனலைத் திறந்து பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் இருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தால் சேனலே தெரியவில்லை. கறுப்பாகப் பசை மாதிரி ஒன்று விளிம்பு வரை நிறைந்திருந்தது. பழைய கரண்டிக் காம்பால் சுரண்டி ஒரு தகர மூடியில் வழித்தேன். விரலால் தேய்த்தால் நறநறவென்றது. மண்ணெண்ணெயில் கரைத்து வடித்தபோது அடியில் தங்கியது செம்மண். உடன்குடிப் பக்கத்துத் தேரி மணல். ஆடிக் காற்றில் அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும், காதுக்குள்ளும் இருக்கும். அதோடு புளியங்கொட்டை ஒன்று, மகளின் தலைமுடிக் கிளிப், ஒரு 50 காசு, கல்லாக இறுகிய கருப்பட்டித் துண்டு, அதில் செத்து ஒட்டிய எறும்புகள்.

மணல் காலில் வந்தது. அதைப் பிடித்து வைத்தது கிரீஸ். கிரீஸ் போட்டது நான்.

வாங்கிய நாளிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கதவு சத்தம் போட்டால் உடனே, விரல் நிறைய கிரீஸ் எடுத்துச் சேனல் முழுக்கப் பூசிவிடுவேன். அன்று கதவு வெண்ணெய் மாதிரி ஓடும். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பூசுவேன். வலப்பக்கக் கதவை அதிகம் திறப்பதில்லை என்பதால் அதற்குக் கிரீஸே போட்டதில்லை. அதன் சேனலில் இருந்தது காய்ந்த தூசி மட்டும், ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினால் வெளியே வந்துவிட்டது. குறைவாகத் திறக்கிறோம் என்பதும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரோலர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாதத்துக்கே இடமில்லை. வலப்பக்கத்து ரோலர் உருண்டையாக இருந்தது. இடப்பக்கத்துக் கீழ் ரோலரின் ஒரு பக்கம் கத்தியால் சீவிய மாதிரி தட்டையாக இருந்தது. அச்சில் மணல் புகுந்து இறுகி, சுற்றுவதையே நிறுத்தியிருந்தது. பிறகு எத்தனையோ மாதம் அது உருளவில்லை, இழுபட்டிருக்கிறது. அம்மா இழுத்தது கதவை அல்ல, பிரேக் பிடித்த சக்கரத்தை.

ரோலர் வாங்கப் போன கடையில் அண்ணாச்சி தட்டையான ரோலரைக் கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, “கிரீஸா தம்பி?” என்றார். ஆமாம் என்றேன். “கிரீஸில் மண்ணைக் கலந்தால் அதன் பெயர் கிரீஸ் இல்லை, சாணைப் பசை. வால்வு தேய்க்கிற பசைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?” என்றார். அவருடைய கணக்கு இதுதான்: ரோலரின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய், சேனலுக்குள் எதுவும் கூடாது. சத்தம் வந்தால் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்துத் துணியால் துடைத்துவிடவேண்டும்; கைக்கு ஈரமாகத் தெரியக்கூடாது. மாதம் ஒரு முறை காய்ந்த பிரஷ்ஷால் மணலைத் தட்டினால் போதும். மூன்று ரோலரும் சேர்த்து 850 ரூபாய் ஆனது.

இரண்டாவது சனிக்கிழமை: தண்ணீரும் துருவும்

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினேன். பிளாஸ்டிக் கிளிப்கள் பழசாகி மொறுமொறுவென்று உடையும், பத்துப் பன்னிரண்டு புதிதாக வாங்கிக்கொண்டே தொடங்குவது நல்லது.

எந்தக் கார்க் கதவுக்கும் கண்ணாடியை ஒட்டி மழைத்தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். எங்கள் கதவில் அவை இல்லை. அதாவது, இருந்தன, சில வருடம் முன்பு ஒரு பட்டறையில் கீறலுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தபோது துளைகளும் சேர்ந்து மூடிப்போயிருக்கின்றன. பளபளவென்று வந்ததே என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். குனிந்து கதவின் அடியைப் பார்க்கவில்லை. ஆணியால் குத்தித் துளைகளைத் திறந்ததும் வெளியே வந்த தண்ணீர் அரை வாளி இருக்கும், காபி நிறத்தில். தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரம் உப்பளக் காற்று தினமும் அடிக்கும் ஊரில் அந்தத் தண்ணீர் தகட்டை என்ன செய்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆனாலும் கதவு தப்பித்திருந்தது. உள்ளே பூத்திருந்த துருவைக் கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள் என்று தேய்த்துவிட்டு, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு, அதன்மேல் பெயின்ட். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் துளைகளுக்குள் தீக்குச்சி விட்டு எடுத்தேன். திரும்பவும் நானே அடைத்துவிட்டால் யாரைக் குறை சொல்வது?

மோசமாக இருந்தது படி. கீழ்ச் சேனலை ஒட்டிய தகட்டில் மேலே பெயின்ட் கொப்புளித்திருந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங், டப். ‘டப்’ என்ற இடத்தில் லேசாக அழுத்தினேன், முனை மறுபக்கம் போய்விட்டது. மூன்று விரல் அகலத்துக்குத் தகடு வெறும் பெயின்ட்டாக நின்றிருக்கிறது. அங்கேதான் அம்மா காலை வைத்து ஏறுவார்.

இதைப் பட்டி வைத்து மூடலாம். மூடுகிறவர்களும் உண்டு. ஆள் மிதிக்கிற இடத்தில் பட்டி வேலை செய்வது ஏமாற்று என்பது என் கட்சி. எனக்கு வெல்டிங் தெரியாது, பெட்ரோல் தொட்டி வண்டியின் அடியில் இருக்கும்போது பழகிப் பார்க்கவும் ஆசையில்லை. டிங்கரிங் பட்டறைக்கு ஓட்டிப் போனேன், கதவில்லாமல், தார்ப்பாய் படபடக்க. அவர் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார், தரை விரிப்பை முழுதாகச் சுருட்டி வெளியே எடுத்தார், பக்கத்தில் ஈரச் சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தார். அதைப் பார்த்ததுமே ஆளைப் பற்றிய கவலை போய்விட்டது. துருவை நல்ல தகடு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வளைத்து வைத்துப் பற்றவைத்தார். 700 ரூபாய்.

மூன்றாவது சனிக்கிழமை: திரும்பப் பொருத்தல்

கதவைத் தூக்கி மாட்டுவது கழற்றியதைவிட விரைவாக முடிந்தது. ஆணிக் கோடுகள் கைகொடுத்தன. ஆனால் பழைய இடத்திலேயே இறுக்கினால் சரியாக வராது, ஏனென்றால் அந்த இடமே தேய்ந்த ரோலருக்காக யாரோ ஒத்துப்போட்ட இடம். புது ரோலரில் கதவு சற்று மேலேறி நின்றது. போல்ட்டுகளைப் பாதி இறுக்கத்தில் வைத்து, சாத்தி, சுற்றிலும் இடைவெளியைப் பார்த்து, திறந்து, கீழ் பிராக்கெட்டை ஒரு மயிரிழை இறக்கி, மறுபடி சாத்தி... இப்படி ஒன்றரை மணி நேரம். மைத்துனர் இரண்டாவது அரைமணியில் வீட்டுக்குள் போய்விட்டார்.

பூட்டு எங்கே உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பூஜை அறையிலிருந்து குங்குமம் எடுத்து நல்லெண்ணெயில் குழைத்து, வண்டியின் கதவுத் தூணில் இருக்கும் பூட்டுக் கொண்டியில் மெல்லியதாகப் பூசினேன். கதவை மெதுவாகச் சாத்தித் திறந்தால் கதவுப் பக்கத்துப் பூட்டின் வாயில் சிவப்பு அடையாளம். முதல் முறை அடையாளம் முழுக்கக் கீழ் உதட்டில் இருந்தது: கொண்டி தாழ்ந்திருக்கிறது. இரண்டு திருகையும் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேலே தட்டினேன். நான்காவது முறையில் சிவப்பு நடுவில் விழுந்தது. அதற்குப் பிறகு கதவு ‘டமார்’ என்று சாத்தவில்லை, ‘டொக்’ என்றது. பெட்டிக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார், என்னவோ உடைந்துவிட்டது என்று.

கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங்கையும் மாற்றினேன். எஞ்சின் மூடியின் ரப்பரையும் அப்போதே பார்த்தேன். ஆம்னியில் உட்காருகிற இடத்துக்கடியில்தான் எஞ்சின், அதனால் மூடியின் ரப்பர் விறைத்துப்போனால் வெக்கையும் புகையும் நேராக உள்ளே வரும். பலர் இதை வண்டியின் ஜாதகம் என்று ஏற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள். ரப்பரை மாற்றினால் பாதி வெக்கை குறைகிறது. ஒரு விஷயம் மட்டும்: வெக்கைக்காக மூடிக்கு அடியில் மெத்தைக் கடை ஸ்பாஞ்சை ஒட்டாதீர்கள். அது தீப்பற்றும், பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் ஓடுகிறது. பெட்ரோல் வாடை அடித்தால் ரப்பரை விட்டுவிட்டு முதலில் குழாயைப் பாருங்கள்.

பின்பக்கத்துக்கு ஒரு பலகை மேடையும் செய்திருக்கிறேன், 12 மில்லிமீட்டர் பிளைவுட். கருப்பட்டிக் கொட்டான் மேலே, பைகள் அடியில். அதை வண்டியோடு போல்ட் போட்டுப் பிணைக்கவில்லை, வேண்டும்போது தூக்கி வெளியே வைக்கலாம். பதிவுச் சான்றில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது. 15 ஆண்டு முடிந்து 2022இல் பசுமை வரி கட்டிப் பதிவைப் புதுப்பித்தேன், 2027இல் திரும்பக் காட்டவேண்டும். அன்றைக்கு இருக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள்.

இவ்வளவு செலவழித்துப் பேணுவதால் இதை எல்லாவற்றுக்குமான வண்டி என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு, அவ்வளவுதான் பாதுகாப்பு. மோதல் சோதனை விதிகள் கடுமையான 2019இல் ஆம்னியின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது நியாயம்தான். நான் 60க்கு மேல் போவதில்லை, மதுரைக்கு ரயில்தான், பிள்ளைகள் எப்போதும் பின்னால். இந்த ஊருக்குள்ளும் திருச்செந்தூர் வரைக்கும் இதைவிட வசதி எனக்குத் தெரியவில்லை.

ஆடி வெள்ளியன்று அம்மாவை அழைத்தேன். கைப்பிடியில் இரண்டு விரல் வைத்து இழுத்தார். கதவு சத்தமில்லாமல் கடைசிவரை ஓடியது. அம்மா கதவைப் பார்க்கவில்லை, படியில் வைத்த புதுத் தகட்டைக் காலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, “கூடையை எடு” என்றார்.

திரும்பும் வழியில் உடன்குடியில் மனைவியின் வீட்டு முன் நிறுத்தினோம். அந்த வாசல் தெருப்பக்கமாகச் சரிந்தது. எல்லோரும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கதவு தானாக உருண்டுவந்து ‘டொக்’ என்று சாத்திக்கொண்டது. மகளின் பை வார் மட்டும் மாட்டியது, விரல் இல்லை. முழுக்கத் திறந்த கதவை நிறுத்திவைக்கும் கொக்கியின் ஸ்பிரிங் தளர்ந்து கிடந்திருக்கிறது. இத்தனை வருடமாக மணலும் கிரீஸும் பிடித்து நிறுத்தியதால் அது யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சியிடம் கொக்கி சொல்லியிருக்கிறேன், வரும் சனிக்கிழமை கிடைக்கும் என்றார். அதுவரை உள்கைப்பிடியில் ஒரு கயிறு கட்டித் தொங்குகிறது. சரிவில் நிறுத்தினால் அதைப் பின் இருக்கைக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் யாரையும் இறங்கவிடுகிறேன்.